உதைக்கு முன்பே குறி தவறிவிடுகிறது

பாயிண்ட் டூ டூ (.22) என்ற சின்ன ரைஃபிளில் ஐந்து தோட்டாவையும் இரண்டு விரல் அகலத்துக்குள் அடக்கும் பிள்ளைகள், த்ரீ நாட் த்ரீ (.303) என்ற பெரிய ரைஃபிளைக் கையில் வாங்கியதும் டார்கெட் முழுக்கச் சிதறடிப்பதைத் துப்பாக்கி சுடும் ரேஞ்சில் அடிக்கடி பார்க்கிறேன். கேட்டால் எல்லோரும் ஒரே பதில்தான் சொல்வார்கள்: "சார், ரைஃபிள் ரொம்ப உதைக்குது." உதைப்பது உண்மை. குறி தவறுவதற்குக் காரணம் பெரும்பாலும் அது இல்லை.

முதலில் உதையின் அளவைப் பார்ப்போம். பாயிண்ட் டூ டூவின் குண்டு சுமார் 2.6 கிராம், வேகம் வினாடிக்கு 330 மீட்டர் அளவில். த்ரீ நாட் த்ரீயின் குண்டு 11.3 கிராம், வேகம் 740 மீட்டருக்குப் பக்கம். கூடவே எரிந்த வெடிமருந்தின் வாயுவும் முன்னால் பாய்கிறது. நியூட்டனின் மூன்றாம் விதிப்படி இதற்கெல்லாம் ஈடாக ரைஃபிள் பின்னால் வரும். கணக்குப் போட்டால், தோளுக்கு வரும் ஆற்றல் ஏறக்குறைய நூறு மடங்கு கூடுகிறது. சின்ன ரைஃபிளில் தப்பித்துக்கொண்ட தவறான பிடி, பெரிய ரைஃபிளில் தோளைக் காயப்படுத்துவது இதனால்தான்.

ஆனால் இன்னொரு கணக்கும் இருக்கிறது. ட்ரிகர் விடுபட்டு மருந்து எரியத் தொடங்கியதும், குண்டு குழலைவிட்டு வெளியேற வினாடியில் ஆயிரத்தில் ஒன்றிரண்டு பங்கு நேரமே ஆகிறது. அதற்குள் ரைஃபிள் பின்வாங்கும் தூரம் சுமார் 2 மில்லிமீட்டர். உதையை உணர்ந்து உடம்பு அசைய அதைவிடப் பல மடங்கு நேரம் வேண்டும். அதாவது, தோளில் அடி விழுந்ததை மூளை அறியும்போது குண்டு எப்போதோ போய்விட்டது. எனவே வலியால் துள்ளியதால் குறி தப்பியது என்பது நடக்கவே முடியாத காரியம். அடி வரப்போகிறது என்று முன்கூட்டியே கண்ணை மூடி, தோளை முன்னால் தள்ளி, ட்ரிகரை வெடுக்கென்று இழுப்பதுதான் குறியைக் கெடுக்கிறது. இந்த முன்கூட்டிய துள்ளலைத்தான் இனி துள்ளல் என்கிறேன்.

இதைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை, காட்டத்தான் வேண்டும். மாணவருக்குத் தெரியாமல் நிஜத் தோட்டாக்களுக்கு நடுவே வெடிக்காத ஒரு டம்மி தோட்டாவை நானே போட்டுக் கொடுப்பேன். அவர் மூச்சை நிறுத்தி ட்ரிகரை இழுப்பார். 'டிக்' என்று ஊசி அடிக்கும் சத்தம் மட்டும் கேட்கும். உதையே இல்லை, ஆனால் குழல் முனை சடாரென்று கீழே குனிந்திருக்கும், இமைகள் இறுக மூடியிருக்கும். அதைத் தானே பார்த்த பிறகு அதிகம் விளக்க வேண்டியிருக்காது. அப்புறம் டம்மியும் நிஜமும் மாற்றி மாற்றி, முனை அசையாமல் 'டிக்' கேட்கும்வரை பயிற்சி. பயிற்சியாளர் பக்கத்தில் இருந்து, எல்லாப் பாதுகாப்பு விதிகளோடும், ரேஞ்சில் மட்டுமே செய்ய வேண்டியது இது.

இந்தப் பயத்தில் பெரும் பங்கு தோளிலிருந்து வருவதில்லை, காதிலிருந்து வருகிறது. பெரிய ரைஃபிளின் சத்தம் 150 டெசிபலைத் தாண்டும். காதுக் கவசம் இல்லாமல் ஒரே ஒரு வெடி கேட்டாலும் கேட்கும் திறன் நிரந்தரமாகக் குறையக்கூடும். பஞ்சு போதாது. இயர் ப்ளக், அதற்கு மேல் இயர் மஃப் இரண்டும் போட்டுவிட்டாலே பாதிப் பேருக்குத் துள்ளல் அடங்கிவிடுகிறது. நான் பார்த்த ஒரு முகாமில், காதுக்கு எதுவும் கொடுக்காமல் பிள்ளைகளைப் படுக்க வைத்து, அவர்கள் திடுக்கிடுவதைப் பார்த்துச் சிரித்தார்கள். அதற்கு 'தைரியம் வரட்டும்' என்று பெயர் வேறு. அந்த வெடி பிள்ளைகளுக்குத் தைரியம் தராது. பயத்தைத்தான் பழக்கிவிடும்.

சரி, பிடிக்கு வருவோம். பட், அதாவது ரைஃபிள் கட்டையின் பின்முனை, உட்கார வேண்டிய இடம் காறை எலும்புக்குக் கீழே, தோள்மூட்டுக்கு உள்பக்கம் இருக்கும் சதைக்குழி. கையை முன்னால் நீட்டி மறு கை விரலால் அழுத்திப் பார்த்தால் தெரியும். எலும்பு மேல் வைத்தால் வலிக்கும், கை மேல் வைத்தால் நீலம் பாரிக்கும். த்ரீ நாட் த்ரீயின் பட் முனையில் இருப்பது உலோகத் தகடு. அதற்கும் தோளுக்கும் நடுவே சட்டைப் பட்டனோ பின்னோ இருக்கக் கூடாது. தோளுக்கும் பட்டுக்கும் இடைவெளியே கூடாது. வலிக்குமோ என்று தள்ளிப் பிடிப்பவர்களுக்குத்தான் அதிகம் வலிக்கும், ஏனென்றால் ரைஃபிள் வேகமெடுத்து வந்து மோதுகிறது. ஒட்டிப் பிடித்தால் ரைஃபிளோடு உடம்பின் எடையும் சேர்ந்து பின்னால் நகரும். மோதல் மெல்லிய தள்ளலாகிவிடும். கன்னமும் ரைஃபிள் கட்டையில் அழுந்தியிருக்க வேண்டும். மூக்கைக் கட்டை விரலுக்கு நெருக்கமாகக் கொண்டு போகக் கூடாது. டெலஸ்கோப் இருந்தால் கண்ணிலிருந்து எட்டு, ஒன்பது சென்டிமீட்டராவது தள்ளியிருக்கட்டும். புருவம் கிழிந்து தையல் போட்டவர்கள் எந்த ரேஞ்சிலும் இருப்பார்கள்.

படுத்துச் சுடும்போது உதை கூடுதலாகத் தெரியும். நின்றால் உடம்பு பின்னால் ஆடி வாங்கிக்கொள்ளும், படுத்தால் அது முடியாது. அதனால் உடம்பு ரைஃபிளுக்குப் பின்னால் கூடியவரை நேராக இருக்கட்டும். குறி வைத்த பிறகு கண்ணை மூடி, இரண்டு மூச்சு விட்டுத் திறந்து பாருங்கள். முனை விலகியிருந்தால் கையால் இழுத்துச் சரிசெய்யாமல் இடுப்பை நகர்த்துங்கள். நிலை சரியாக இருந்தால், சுட்டு முடிந்ததும் முனை எழும்பித் தானாக டார்கெட்டுக்கே திரும்பும். அது திரும்பும்வரை ட்ரிகரை இழுத்தபடியே வைத்திருந்து, பிறகுதான் தோட்டா அறையை மூடியிருக்கும் போல்ட்டைத் திறக்க வேண்டும்.

தோள் சிவந்து, பட் வைத்தாலே முகம் சுளித்தால் அன்றைக்கு அதோடு போதும். வலியோடு சுடும் ஒவ்வொரு தோட்டாவும் துள்ளலைத்தான் கற்றுக்கொடுக்கும். கையைத் தலைக்கு மேல் தூக்க முடியவில்லை என்றால் டாக்டரைப் பாருங்கள். தோள் நழுவிய வரலாறு உள்ளவர்களும் சமீபத்தில் கண் அறுவை செய்தவர்களும் டாக்டரிடம் கேட்காமல் பெரிய ரைஃபிளைத் தொட வேண்டாம். துள்ளல் திரும்பி வந்தவர்களை நான் கூச்சப்படாமல் பாயிண்ட் டூ டூவுக்கே அனுப்பிவிடுவேன், நல்ல இயர் மஃப் ஒன்றையும் மாட்டிவிட்டு.