ஜூன் 12-க்குத் தண்ணீர் வராவிட்டால்: டெல்டாவின் நீண்டகாலக் கணக்கு

காவிரி டெல்டாவுக்கு முப்பது ஆண்டுத் திட்டம் தீட்ட வருபவர் கையில் முதலில் ஒரு நாட்காட்டியைக் கொடுக்க வேண்டும். ஏக்கர், மகசூல், ஆலைகள் எல்லாம் பிறகு. அங்கே ஒரு போகத்தின் தலையெழுத்தை மூன்று தேதிகள் எழுதுகின்றன: மேட்டூர் அணை திறக்கும் நாள், வடகிழக்குப் பருவமழை இறங்கும் நாள், அறுவடை நாள். முதல் தேதி தள்ளிப்போனால் மற்ற இரண்டும் முட்டிக்கொள்ளும்.

வழக்கப்படி அணை ஜூன் 12-ல் திறந்து ஜனவரி 28-ல் மூடும். 2012 முதல் 2019 வரை எட்டு ஆண்டுகள் அந்தத் தேதியில் திறக்க முடியவில்லை. 2022-ல் மே 24-லேயே திறந்தார்கள். 2024-ல் ஜூலை 28 ஆகிவிட்டது. இவ்விரண்டுக்கும் சராசரி எடுத்தால் ஜூன் கடைசி வாரம் வரும். அப்படியொரு ஆண்டை அந்த இரு ஆண்டு விவசாயிகளும் பார்க்கவில்லை. சராசரி ஆண்டை நம்பிப் போடும் திட்டம் காகிதத்தில் மட்டுமே விளையும்.

அணையின் 'அடி'க் கணக்கும் நம்மை ஏமாற்றும். மேட்டூரின் முழு உயரம் 120 அடி, கொள்ளளவு 93.47 டி.எம்.சி. (ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி). 90 அடி இருந்தால் முக்கால் அணை நிறைந்துவிட்டதாகத் தோன்றும். ஆனால், நீர்த்தேக்கம் அடியில் குறுகி மேலே விரிந்து கிடப்பதால் 90 அடியில் இருப்பது 52 டி.எம்.சி. சொச்சம்தான், பாதியைவிடச் சற்று அதிகம். ஒரு போக நெல்லுக்கு ஏறத்தாழ 1,200 மி.மீ. நீர் தேவை என்று வைத்துக்கொண்டால், ஒரு லட்சம் ஏக்கருக்குச் சுமார் 17 டி.எம்.சி. வேண்டும். ஜூனில் தொடங்கும் குறுகியகால நெற்போகமான குறுவை மூன்று லட்சம் ஏக்கர் என்றால், அதற்கே அந்த 90 அடித் தண்ணீர் சரியாகப் போய்விடும். மழையும் பம்புசெட்டும் கொஞ்சம் கைகொடுக்கும். வாய்க்காலில் கசிந்து போவதையும் கழித்தாக வேண்டும். ஆகவே அணையில் இருப்பதை மட்டுமல்ல, இனி வரப்போகும் நீரையும் நம்பித்தான் மதகு திறக்கப்படுகிறது.

இத்தகைய இடத்துக்கு ஒற்றை இலக்குத் திட்டம் பொருந்தாது. 'இப்படி ஆனால் இது, அப்படி ஆனால் அது' என்று கிளை பிரியும் திட்டம் வேண்டும். ஜூனில் நீர் வந்தால் 110 நாள் குறுவை, அதன் பின் அதே வயலில் இரண்டாம் போகமான தாளடி. ஜூலை முடியும்வரை வராவிட்டால் குறுவையை விட்டுவிட்டு, புழுதியில் நேரடியாக விதைத்து ஒரே போகமாக நீண்டகாலச் சம்பா. இன்னும் தாமதமானால் மத்தியகால ரகம். கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால் ஒவ்வொரு கிளைக்கும் விதை வேண்டும்; விதையைப் பெருக்க ஒரு போகம் முன்பே வயல் ஒதுக்க வேண்டும். எந்தக் கிளை வந்தாலும் மற்றொரு ரகத்தின் விதை மிஞ்சும். அந்த மிச்சத்தைத் தணிக்கைக்காரர் நட்டம் என்று எழுதுவார். என்னைக் கேட்டால் அது காப்பீட்டுத் தவணை.

இரண்டாவது தேதி மழை. வெள்ளத்தில் மூழ்கிய நெற்பயிர் தண்ணீருக்கு மேலே தலைநீட்ட வேகமாக நீளும். சேமித்த மாவுச்சத்தையெல்லாம் அதிலேயே செலவழித்து, நீர் வடிந்ததும் துவண்டு விழும். ஒடிசாவின் எஃப்.ஆர்.13ஏ என்ற பழைய நெல்லில் இருந்த 'சப்1' மரபணு இந்த அவசரத்தைத் தடுக்கிறது. பயிர் வளர்ச்சியை நிறுத்திக்கொண்டு ஏறத்தாழ இரண்டு வாரம் மூழ்கிக் கிடந்து, பிறகு துளிர்க்கிறது. அந்தப் பண்பை ஏற்றிய சி.ஆர்.1009 சப்1 நம் சம்பாப் பட்டத்துக்கு ஏற்றது. கதிர் வந்தபின் மூழ்கினால் அந்த மரபணுவாலும் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது. வடிகால் தூர்வாராத ஊரில் எந்த ரகமும் தோற்கும்.

அறுவடையில்தான் விவசாயமும் உணவுத் தொழிலும் சந்திக்கின்றன. திட்டங்கள் அதிகம் கோட்டைவிடும் இடமும் அதுவே. குறுவை நெல் செப்டம்பர், அக்டோபரில் மழைக்கு நடுவே களத்துக்கு வருகிறது. நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் 17 சதவீத ஈரப்பதம்தான் வழக்கமான வரம்பு. மழைக்காலங்களில் மத்திய அரசு அதைத் தளர்த்திய ஆண்டுகள் உண்டு. 22 சதவீத ஈரமுள்ள 100 கிலோ நெல்லில் 78 கிலோதான் உலர்பொருள். அதைப் பத்திரமாகச் சேமிக்க 14 சதவீதத்துக்கு இறக்கினால் சுமார் 91 கிலோ மிஞ்சும். ஒன்பது கிலோ தண்ணீரை வெயில் இல்லாத நாளில் யார் வெளியேற்றுவது? குவியலாகக் கிடக்கும் ஈர நெல் சுவாசித்துச் சூடேறும். குறுகியகால ரகங்கள் பலவற்றுக்கு விதை உறக்கம் (அறுத்தபின் முளைக்காமல் இருக்கும் காலம்) குறைவு என்பதால் குவியலிலேயே முளைவிடும். வரம்பைத் தளர்த்துவதால் அந்தத் தண்ணீர் மறைந்துவிடாது. களத்திலிருந்து கிடங்குக்கு இடம் மாறும், அவ்வளவுதான்.

உலர்த்தும் இயந்திரம்தான் வழி. அவசரப்பட்டுச் சூடேற்றினால் மணியின் வெளிப்புறம் காய்ந்து சுருங்க, உள்ளே ஈரம் தங்கி, அரிசி விரிசல் விடும், ஆலையில் நொய்யாகும். ஆகவே சிறிது உலர்த்தி, ஆறவிட்டு, மீண்டும் உலர்த்துகிறார்கள். புழுங்கல் அரிசிக்கு ஒரு சலுகை உண்டு: அவிக்கும்போது மாவுச்சத்து இளகி விரிசல்களை ஒட்டிவிடும். புழுங்கல் உண்ணும் பகுதியில் இது பெரிய வரம்.

2020-ல் வந்த பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் மாவட்டங்களிலும் கடலூர், புதுக்கோட்டையின் சில ஒன்றியங்களிலும் ஹைட்ரோகார்பன் எடுத்தல், உலோக உருக்காலை போன்றவற்றை விலக்கி வைத்தது. எது கூடாது என்று சொல்லியாயிற்று. எது வேண்டும் என்பதற்குத் தவிட்டைப் பாருங்கள். நெல்லில் சுமார் எட்டு சதவீதம் தவிடு. அதில் 15 முதல் 20 சதவீதம் எண்ணெய். அரைத்த கணமே தவிட்டிலுள்ள லிபேஸ் நொதி எண்ணெயைச் சிதைக்கத் தொடங்கும். சில மணி நேரத்துக்குள் சூடேற்றி நொதியை அடக்காவிட்டால் அது சமையல் எண்ணெய்க்கு உதவாது, மாட்டுத் தீவனமாகும். சிதறிக் கிடக்கும் சிறு அரிசி ஆலைகள் ஒவ்வொன்றும் எண்ணெய் ஆலை கட்ட முடியாது. தவிட்டைச் சூடேற்றும் சிறு இயந்திரத்தை அரவை நடக்கும் ஆலையிலேயே வைத்துவிட்டால், எண்ணெய் ஆலை நாற்பது கிலோமீட்டர் தள்ளி இருந்தாலும் பரவாயில்லை.