காஸ்ட்ஹவுஸ் என்னும் விருந்தகம்

போன ஆண்டு கோடையில் என் சித்தி மகன் ஜெர்மனியின் பவேரியா மாநிலத்துக்கு வந்திருந்தான். வழியில் ரயில் தாமதமாகி, இரவு ஏதோ ஒரு சிற்றூரில் இறங்க வேண்டியதாயிற்று. எதிரே ஒரு பழைய கட்டடம். அதன் பலகைக்கு நேரே கைப்பேசியைக் காட்டினான். 'காஸ்ட்ஹவுஸ்' என்ற சொல்லுக்கு 'விருந்தினர் மாளிகை' என்று தமிழ் வந்தது. பெட்டியை உருட்டிக்கொண்டு உள்ளே போய், ஓர் அறை வேண்டும் என்று கேட்டிருக்கிறான். அங்கே அறை ஒன்றுமில்லை. மர மேசைகளில் ஊர்க்காரர்கள் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். கல்லாவில் இருந்த அம்மா அவன் பெட்டியை மூலையில் வைக்கச் சொல்லி, சூடாக ஒரு சூப்பைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, பக்கத்து ஊர் விடுதிக்குத் தொலைபேசியில் பேசி அறைக்கும் ஏற்பாடு செய்து கொடுத்தாராம்.

ஜெர்மனிலிருந்து தமிழுக்கு மொழிபெயர்ப்பது என் வேலை. அவன் சொன்ன கதையைக் கேட்டபோது, இந்தச் சொல்லைத் தமிழில் ஒழுங்காக நிறுத்திவிட வேண்டும் என்று தோன்றியது.

'காஸ்ட்' என்றால் விருந்தாளி, 'ஹவுஸ்' என்றால் வீடு. பிரித்துப் பார்த்தால் 'விருந்தினர் இல்லம்' சரிதானே என்று படும். ஆனால் நம் ஊரில் விருந்தினர் மாளிகை என்றால் அமைச்சர்களும் அதிகாரிகளும் வந்து தங்கும் அரசுக் கட்டடம். கெஸ்ட் ஹவுஸ் என்றாலும் தங்கும் இடம்தான். ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் காஸ்ட்ஹவுஸ் என்பது முதலில் சாப்பிடும் இடம். சிலவற்றில் மாடியில் நாலைந்து அறைகள் இருக்கலாம், பலவற்றில் இருக்காது. தங்க இடம் வேண்டுமென்றால் 'காஸ்ட்ஹோஃப்' என்ற பெயரைத் தேட வேண்டும். 'ஹோஃப்' என்பது முற்றம். குதிரைகளையும் வண்டிகளையும் அவிழ்த்துக் கட்ட முற்றம் வைத்திருந்த வழிநடை விடுதிகள் அவை. பல ஊர்களில் இன்றும் 'ட்சூர் போஸ்ட்' என்ற பெயரில் ஒரு காஸ்ட்ஹோஃபைக் காணலாம். அஞ்சல் வண்டிகள் குதிரை மாற்றிய காலத்தின் நினைவு அந்தப் பெயர்.

சட்டத்திலும் அலுவலகத் தாள்களிலும் 'காஸ்ட்ஷ்டேட்டெ' என்று எழுதுவார்கள். பவேரியர்கள் வாய்க்கு வருவது 'விர்ட்ஸ்ஹவுஸ்'. வியன்னாவில் அதே மாதிரி இடத்துக்கு 'பைசல்' என்று செல்லப்பெயர். வீடு என்று பொருள்படும் எபிரேயச் சொல், ஐரோப்பிய யூதர்கள் பேசிய யித்திஷ் மொழி வழியாக வந்து பைசல் ஆயிற்று என்பது பலரும் ஏற்கும் விளக்கம்.

இனி 'காஸ்ட்' என்ற பாதிக்கு வருவோம். இந்தோ ஐரோப்பிய மொழிகளில் இதன் வேர் மிகப் பழையது. அந்த வேருக்கு 'அயலான், ஊருக்குப் புதியவன்' என்பதே பொருள். அதே வேரிலிருந்து லத்தீனில் 'ஹோஸ்டிஸ்' பிறந்தது. அதற்கு முதலில் அயலான் என்று பொருள் இருந்து, பிறகு பகைவன் என்று ஆகிவிட்டது. ஜெர்மானிய மொழிகளிலோ அதே அயலான் விருந்தாளி ஆனான். வாசலில் முன்பின் தெரியாத ஒருவன் வந்து நிற்கிறான். ஒரு மொழி அவனைப் பகைவன் என்றது, இன்னொரு மொழி சாப்பிட உட்காரச் சொன்னது. சொல்லாராய்ச்சியில் என்னை இந்த அளவுக்கு நெகிழவைத்த இடம் வேறு இல்லை.

லத்தீனும் முழுக்கக் கதவடைத்துவிடவில்லை. அதே வேரிலிருந்து 'ஹோஸ்பெஸ்' என்ற சொல்லும் அங்கே உண்டு. விருந்தளிப்பவர், விருந்தாளி என்று இரண்டு பேரையும் அது குறிக்கும். அதன் வழியில் பிரெஞ்சில் வந்ததுதான் ஹோட்டல். நாம் 'ஓட்டல்' என்கிறோமே, அதேதான். ஐரோப்பியர்களுக்கு ஹோட்டல் என்றால் தங்குமிடம். நமக்கு ஓட்டல் என்றால் இட்லி சாப்பிடும் இடம். தமிழ்நாட்டில் ஓட்டலுக்கு ஏறிய பொருள் காஸ்ட்ஹவுஸின் பொருளுக்குப் பக்கத்தில் வந்து நிற்கிறது, இரண்டுக்கும் வேரும் ஒன்றே. 'காஸ்ட்ரோனமி' என்ற சொல்லை மட்டும் இந்தக் குடும்பத்தில் சேர்க்கக் கூடாது. அது வயிற்றைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. காதுக்குத்தான் உறவு போலத் தெரியும்.

தமிழில் 'விருந்து' என்ற சொல்லும் இதே வழியில் நடந்திருக்கிறது. இன்று விருந்து என்றால் இலை நிறையச் சாப்பாடு. பழந்தமிழில் அதன் பொருள் புதுமை. தொல்காப்பியம் செய்யுளின் எட்டு வனப்புகளைச் சொல்லும்போது விருந்து என்பதையும் ஒன்றாக வைக்கிறது. புதிதாகப் புனையப்படுவதே அங்கே விருந்து. புதுமை என்ற பண்பிலிருந்து புதிதாக வருகிற ஆளுக்குப் பெயராகி, அந்த ஆளுக்குப் போடும் சாப்பாட்டுக்குப் பெயரானது பிற்பாடு. வள்ளுவர் காலத்தில் விருந்து என்றாலே ஆள்தான்:

செல்விருந்து ஓம்பி வருவிருந்து பார்த்திருப்பான்
நல்விருந்து வானத் தவர்க்கு.

போகிற விருந்தை வழியனுப்பிவிட்டு, வருகிற விருந்துக்காக வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பவன். மூன்று இடத்திலும் விருந்து என்பது மனிதரைத்தான் குறிக்கிறது. காஸ்ட் என்பதற்கும் விருந்து என்பதற்கும் மொழிக்குடும்ப உறவு எதுவும் இல்லை. இரண்டு சமூகங்கள் தனித்தனியே, 'புதியவன்' என்ற சொல்லையே 'சாப்பாடு போட வேண்டியவன்' என்று மாற்றிக்கொண்டன.

காஸ்ட் என்ற சொல்லுக்குள் அந்த அயலானின் நிழல் இன்னும் போகவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். 1955இல் இத்தாலியோடும் 1961இல் துருக்கியோடும் மேற்கு ஜெர்மனி ஒப்பந்தம் போட்டு ஆட்களை வேலைக்கு வரவழைத்தது. வந்தவர்களுக்கு ஏற்பட்ட பெயர் 'காஸ்ட்ஆர்பைட்டர்', அதாவது விருந்தாளித் தொழிலாளி. விருந்தாளி என்றால் ஒருநாள் கிளம்பிவிடுவான் என்ற எதிர்பார்ப்பு அந்தப் பெயரிலேயே இருந்தது. 1980களில் ஈழத்திலிருந்து அகதிகளாக வந்த தமிழர்களை அந்தப் பெயரால் அழைக்கவில்லை. ஆனாலும் அவர்களில் பலர் இந்த நாட்டு உணவகங்களின் சமையலறையில் தட்டுக் கழுவியும் காய் நறுக்கியும்தான் வாழ்க்கையைத் தொடங்கினார்கள். காஸ்ட்ஹவுஸின் முன்கதவையும் பின்கதவையும் அறிந்தவர்கள் அவர்கள். இந்தச் சொல்லைப் பற்றி எழுதும்போது அவர்களை விட்டுவிட என்னால் முடியாது.

விருந்தாளி இருந்தால் விருந்து போடுபவரும் இருக்க வேண்டும். அவர் பெயர் 'விர்ட்', பெண்ணானால் 'விர்ட்டின்'. பழைய ஜெர்மனில் விர்ட் என்றால் வீட்டுத்தலைவன், கணவன். நம் சொல்லில் இல்வாழ்வான். வீட்டை நடத்துகிறவனே விருந்தையும் பார்க்கிறவன் என்பதால், பிறகு சாப்பாட்டுக்கடை நடத்துகிறவருக்கு அந்தப் பெயர் போயிற்று. அவர் நடத்துவது 'விர்ட்ஷாஃப்ட்'. இந்தச் சொல்லுக்கு இன்றும் இரண்டு பொருள்: ஒன்று ஊர்ச் சாப்பாட்டுக்கடை, மற்றொன்று பொருளாதாரம். நாளிதழின் விர்ட்ஷாஃப்ட் பக்கத்தில் பங்குச்சந்தைச் செய்திகள் இருக்கும். ஊர் விர்ட்ஷாஃப்டில் அந்த நாளிதழைப் படித்துக்கொண்டு பெரியவர்கள் உட்கார்ந்திருப்பார்கள்.

இதற்கு முன்னால் 'லாண்ட்', அதாவது நிலம் என்ற சொல்லைச் சேர்த்தால் 'லாண்ட்விர்ட்ஷாஃப்ட்'. பொருள்: விவசாயம். இதைக் கற்றுக்கொண்ட நாளில் எனக்கு உடனே நினைவுக்கு வந்தது விருந்தோம்பல் அதிகாரத்தின் முதல் குறள். 'விருந்தோம்பி வேளாண்மை செய்தற் பொருட்டு' என்று முடியும் அது. அங்கே வேளாண்மை என்றால் பிறர்க்கு உதவுதல். இன்று நாம் வேளாண்மைத் துறை என்கிறோம், அது பயிர்த்தொழில். விருந்து பார்ப்பதும் நிலம் பார்ப்பதும் ஒரே சொல்லில் அடங்குவது ஜெர்மனிலும் தமிழிலும் நடந்திருக்கிறது. வீட்டையும் நிலத்தையும் வந்தவரையும் ஒரே ஆள் கவனித்துக்கொண்ட வாழ்க்கை இரண்டு இடத்திலும் இருந்தது என்பதுதான் எனக்குத் தெரியும் காரணம்.

'விர்ட்டைச் சேர்க்காமல் கணக்குப் போடுவது' என்று ஜெர்மனில் ஒரு வழக்கு உண்டு. யார் கையில் முடிவு இருக்கிறதோ அவரைக் கேட்காமல் திட்டம் போடுவதை அப்படிச் சொல்வார்கள். காஸ்ட்ஹவுஸில் கடைசி வார்த்தை அவருடையது.

உள்ளே போய் உட்கார்ந்தால் சொற்கள் இன்னும் நன்றாகப் புரியும். நான் போகும் காஸ்ட்ஹவுஸ் ஆஸ்திரிய எல்லைக்குப் பக்கத்தில் இருக்கிறது. தாழ்ந்த மரக்கூரை, சுவரையொட்டி ஓடும் பலகை இருக்கை, மூலையில் ஓடு பதித்த பெரிய கணப்பு. மதியம் யார் உள்ளே வந்தாலும் எல்லா மேசைகளுக்கும் பொதுவாக 'மால்ட்சைட்' என்பார்கள். சாப்பாட்டு வேளை என்று பொருள். 'சாப்பிட்டாச்சா' என்று நாம் கேட்பதைப் போல அது வணக்கமாகவே ஆகிவிட்டது. மேசை நிறைந்திருந்தால் 'இங்கே இடம் இருக்கிறதா' என்று கேட்டுவிட்டு, தெரியாதவர்களோடு உட்காரலாம். யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள்.

உணவுப் பட்டியலுக்கு 'ஷ்பைசெகார்ட்டெ' என்று பெயர். ஷ்பைசெ என்றால் உணவு. அது செலவைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. கொங்கு நாட்டுச் செலவு ரசத்தை அறிந்தவர்களுக்கு, செலவு என்ற சொல் சமையலறைக்குள் வருவது புதிதல்ல. தட்டில் வருவது பெரும்பாலும் பன்றி வறுவல், குழம்பு, 'க்னோடல்' என்ற உருண்டை. பழைய ரொட்டியை அரிந்து வெதுவெதுப்பான பாலில் ஊறவைத்து, முட்டையும் வெங்காயமும் பார்ஸ்லித் தழையும் சேர்த்துப் பிசைந்து, கொதிக்கும் நிலைக்குச் சற்றுக் கீழேயே நிற்கும் உப்புநீரில் வேகவைக்கிறார்கள். அதைக் கத்தியால் அறுப்பது முறையில்லை, முள்கரண்டியால் பிளக்க வேண்டும். பிய்த்த சொரசொரப்பான பக்கம்தான் குழம்பை உறிஞ்சும். சோற்றை விரலால் பிசைந்து பழகிய கைக்கு இந்த விதியின் நியாயம் உடனே புரிந்துவிடும்.

சைவம் மட்டும் சாப்பிடுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 'ஃப்ரிட்டாட்டன் சூப்' பார்வைக்குத் தோசை நறுக்கிப் போட்டது போல இருக்கும், அதன் சாறு மாட்டிறைச்சிச் சாறு. புளித்த முட்டைக்கோசிலும் பன்றிக்கொழுப்பு சேர்ப்பது உண்டு. பாலாடைக்கட்டி போட்ட 'கேஸெஷ்பெட்ஸ்லெ' பெரும்பாலும் கைகொடுக்கும். ஆனாலும் கேட்டுக்கொள்வது நல்லது.

பணத்தை மேசையிலேயே கொடுப்பார்கள். 'சேர்த்தா, தனித்தனியா' என்று பரிமாறுபவர் கேட்பார். மீதியை அவருக்கே விட வேண்டுமானால் 'ஷ்டிம்ட் ஸோ' என்று சொல்லி நீட்ட வேண்டும். 'சரியாக இருக்கிறது' என்று பொருள். சில்லறையைத் தட்டுக்கடியில் வைத்துவிட்டுப் போவது இங்கே வழக்கமில்லை.

வியன்னாவைச் சுற்றியுள்ள 'ஹொய்ரிகெர்' பற்றியும் ஒரு வார்த்தை. இந்த ஆண்டுக்குரியது என்பது சொற்பொருள். இந்த ஆண்டுத் திராட்சை மதுவுக்கும் அது பெயர், அதை விற்கும் தோட்டக்காரரின் வீட்டுக்கும் அது பெயர். தங்கள் விளைச்சலைத் தாங்களே விற்கலாம் என்று 1784இல் பேரரசர் இரண்டாம் ஜோசஃப் ஆணையிட்ட பிறகு இந்த இடங்கள் பெருகின. திறந்திருந்தால் வாசலில் ஊசியிலைக் கொத்து ஒன்று தொங்கும். கள் விற்ற கடைகளில் கொடி பறந்ததாகப் பட்டினப்பாலையும் மதுரைக்காஞ்சியும் சொல்வதை நான் அங்கே நினைத்துக்கொள்வேன்.

தமிழில் என்ன எழுதலாம்? 'உணவகம்' தவறில்லை, ஆனால் அது உணவைப் பார்க்கும் சொல். ரெஸ்டாரண்ட்டுக்கு அது போதும். 'சத்திரம்' என்றால் காசு வாங்காத இடம் என்ற நினைப்பு நமக்கு இருக்கிறது, இங்கே கணக்கு வரும். 'விடுதி' தங்குமிடத்துக்குப் போய்விட்டது. என் கணிப்பில் காஸ்ட்ஹவுஸுக்குத் தமிழ் 'விருந்தகம்'. நம் ஊர்க் கடைப்பலகைகளில் ஏற்கெனவே இருக்கும் சொல்தான். வருகிற ஆளைப் பெயரிலேயே வைத்திருக்கிறது, சாப்பாட்டையும் சொல்கிறது. காஸ்ட்ஹோஃபுக்கு 'விருந்து விடுதி' பொருந்தும். விர்ட்டுக்கு ஏட்டில் 'விருந்தோம்புநர்' என்று எழுதலாம். பேச்சில் 'முதலாளி' என்றால்தான் உயிர் இருக்கும்.

ஒரு சொல் இன்னும் என்னைச் சுற்றவைக்கிறது. முதல்முறை அந்த விருந்தகத்துக்குப் போனபோது கணப்புக்குப் பக்கத்தில் ஒரு மேசை காலியாக இருந்தது. போய் உட்கார்ந்தேன். பரிமாறிய அம்மா மெதுவாக வந்து, மேசை நடுவில் இருந்த பித்தளைத் தகட்டைத் தொட்டுக் காட்டினார். 'ஷ்டாம்டிஷ்' என்று பொறித்திருந்தது. டிஷ் என்றால் மேசை. ஷ்டாம் என்றால் அடிமரம், குடி, வம்சம். ஆண்டுக்கணக்காக வருகிறவர்களின் மேசை அது, காலியாக இருந்தாலும் மற்றவர்கள் உட்காருவதில்லை. அங்கே உட்காருகிறவர் 'ஷ்டாம்காஸ்ட்', அதாவது வேரூன்றிய விருந்தாளி. விருந்து என்றால் புதுமை என்று இவ்வளவு நேரம் சொல்லிவிட்டு, பழைய விருந்து என்று எப்படி எழுதுவது? 'குடிமேசை' என்றால் ஷ்டாம் என்பதற்கு நேராக வரும், ஆனால் படிப்பவர் மதுவை நினைத்துக்கொள்வார். இப்போதைக்கு 'வாடிக்கை மேசை' என்று எழுதிவருகிறேன். இதைவிட நல்ல சொல் உங்கள் ஊர் வழக்கில் இருந்தால் அதை எடுத்துக்கொள்ளக் காத்திருக்கிறேன்.