இத்தாலியில் சைவம்: சின்னக் கடையில் கேட்டு வாங்குங்கள்

இத்தாலிக்குக் குழுக்களை அழைத்துப் போவது என் தொழில். புறப்படுவதற்கு முன் வரும் போன்களில் பாதி சாப்பாட்டைப் பற்றித்தான். "சார், சுத்த சைவம் கிடைக்குமா? புளிக்காய்ச்சல் எடுத்துக்கவா?" எடுத்துக்கொள்ளுங்கள், தப்பில்லை. ஆனால் பயணம் முழுக்க அதையும் பிஸ்கட்டையும் வைத்தே ஓட்டிவிட்டு வருகிறவர்களைப் பார்த்தால் எனக்கு மனசு கேட்பதில்லை. நம் நாக்குக்குப் பொருந்தும் சைவப் பண்டங்கள் அங்கே நிறைய உண்டு. ஹோட்டல் பஃபேயில் தேடாதீர்கள், தெருமுனைக் கடைகளில் தேடுங்கள்.

ஜெனோவாவின் ஃபரினாட்டாவையே எடுத்துக்கொள்வோம். கொண்டைக்கடலை மாவு, தண்ணீர், ஆலிவ் எண்ணெய், உப்பு, அவ்வளவுதான். கரைத்த மாவைச் சில மணி நேரம் ஊறவிட்டு, அகலமான செம்புத் தட்டில் ஊற்றி, விறகடுப்பில் வேகவைக்கிறார்கள். மேலே மொறுமொறுப்பு, உள்ளே மெத்தென்று இருக்கும். மிளகுத்தூள் தூவிச் சுடச்சுடச் சாப்பிட வேண்டும். பீசா நகரத்தில் இதையே செச்சீனா என்பார்கள். பாலெர்மோவில் அதே மாவைக் கிண்டி, ஆறவைத்து, வில்லைகளாக வெட்டிப் பொரித்து, எள் தூவிய ரொட்டிக்குள் வைத்துத் தருகிறார்கள். அதன் பெயர் பனெல்லே.

எச்சரிக்கையும் இங்கேதான் தொடங்குகிறது. பனெல்லே விற்கும் சில கடைகளில் கன்றின் மண்ணீரலைப் பன்றிக் கொழுப்பில் வதக்கியும் விற்பார்கள். இந்தப் பன்றிக் கொழுப்புதான், அதாவது ஸ்ட்ருட்டோதான், நம்மவர்கள் அறியாமல் சாப்பிட்டுவிடும் பொருள். ரோமான்யா பகுதியின் பியாதீனா ரொட்டி, நேபிள்ஸின் ஸ்ஃபோலியாத்தெல்லா என்ற அடுக்கு இனிப்பு, சிசிலியின் கன்னோலி என்ற குழல் இனிப்பின் ஓடு எல்லாவற்றிலும் மரபாக அது உண்டு. தரால்லி என்ற வளைய முறுக்கு தெற்கிலுள்ள புலியா பகுதியில் ஆலிவ் எண்ணெயில் பிசைந்தது, நேபிள்ஸிலோ கொழுப்பும் மிளகும் சேர்ந்தது. பார்த்தால் இரண்டும் ஒரே ஜாதி. (புலியா தரால்லி மாவில் வெள்ளை வைன் சேரும். மதுவே வேண்டாம் என்பவர்கள் அதையும் கவனிக்க வேண்டும்.)

"இறைச்சி இருக்கிறதா?" என்று மட்டும் கேட்டால் போதாது. கடைக்காரர் இல்லை என்பார், பொய் சொல்லவில்லை. கொழுப்பை அவர் இறைச்சிக் கணக்கில் சேர்ப்பதில்லை. "ச்செ லோ ஸ்ட்ருட்டோ?" என்று நேராகக் கேளுங்கள். இதனால்தான் சூப்பர் மார்க்கெட்டைவிடச் சின்னக் கடையை நான் நம்புகிறேன்: செய்தவரோ, செய்வதை அறிந்தவரோ கவுன்டருக்குப் பின்னால் நிற்பார்.

பாக்கெட் வாங்கினால் இன்னொரு குழப்பம். நம் ஊர்ப் பச்சைப் புள்ளி அங்கே கிடையாது. பொருள் பட்டியலில் சில சொற்கள் தடித்த எழுத்தில் இருக்கும். ஐரோப்பிய விதிப்படி, ஒவ்வாமை தரும் 14 பொருள்களை அப்படித் தனித்துக் காட்ட வேண்டும். கோதுமை, பால், முட்டை, கொட்டைகள் போன்றவை அவை. பன்றிக் கொழுப்பு அந்த 14-இல் இல்லை, ஆகவே அது சாதாரண எழுத்தில் நடுவில் கிடக்கும். முழுப் பட்டியலையும் படியுங்கள்.

அப்புறம் பாலாடைக்கட்டி. பார்மிஜானோ ரெஜ்ஜானோவை உறைய வைப்பது கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் நொதி. பெகொரீனோ ரோமானோவுக்கு ஆட்டுக்குட்டியுடையது. விதியே அப்படித்தான், கேட்டாலும் மாற்றிக் கிடைக்காது. இப்படிப்பட்ட பாலாடைக்கட்டி சேர்வதால் பெஸ்டோ என்ற பச்சிலைத் துவையலும் இந்தக் கணக்கில் வரும். கிரானா பதானோவில் முட்டையிலிருந்து எடுத்த பொருளும் சேரலாம். இதெல்லாம் பரவாயில்லை என்று சாப்பிடுகிறவர்கள் உண்டு, அது அவரவர் முடிவு. ஆனால் தெரிந்து எடுத்த முடிவாக இருக்க வேண்டும். வேண்டாம் என்பவர்களுக்கு மஸ்கர்ப்போனே இருக்கிறது, பாலேட்டை அமிலத்தால் திரிப்பது அது. மற்ற வகைகளில் "காலியோ வெஜெடாலே" என்று எழுதியிருந்தால் தாவர நொதி.

வாங்கும்போது "உன் எட்டோ" என்றால் 100 கிராம். முதலில் அவ்வளவு மட்டும் வாங்கிப் பாருங்கள். சிறிய ஊர்களில் பல கடைகள் மதியம் ஒரு மணி வாக்கில் மூடி, மாலையில்தான் திறக்கும். அதனால் மதியச் சாப்பாட்டுக்கு வேண்டியதைக் காலையிலேயே வாங்கி வைத்துவிடுங்கள்.