பூட்டைத் திறக்கவிடாத கணினி

"கடல் நடுவே நிற்கும் எண்ணெய்க் கப்பலில் ஒரே நேரத்தில் பல இடங்களில் ரிப்பேர் வேலை நடக்குமே, ஒருவர் கழற்றிப்போட்ட குழாயில் இன்னொருவர் தெரியாமல் எண்ணெயைத் திறந்துவிட்டால்?" என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். அப்படி ஒருமுறை நடந்தேவிட்டது.

1988 ஜூலை 6, வட கடலில் பைப்பர் ஆல்ஃபா. அது கப்பல் இல்லை, கடலடியில் கால் ஊன்றிய மேடை. ஆனால் எந்த வேலைக்கும் முன்பே எழுத்தில் அனுமதி, அதாவது பர்மிட், வாங்கும் முறை இரண்டுக்கும் ஒன்றுதான். அங்கே பராமரிப்புக்காக ஒரு பம்பை நிறுத்தியிருந்தார்கள், அதற்கு ஒரு பர்மிட். அதே பம்போடு சேர்ந்த அழுத்தப் பாதுகாப்பு வால்வைச் சோதனைக்குக் கழற்றியிருந்தார்கள், அதற்கு வேறொரு பர்மிட். மாலைக்குள் வால்வைத் திரும்ப மாட்ட முடியாமல், திறந்த வாயைத் தகடு வைத்து மூடிவிட்டுப் போனார்கள். இரவில் மாற்றுப் பம்பு நின்றுபோனது. இரவு ஷிஃப்ட்காரர்களுக்குப் பம்பின் பர்மிட் தெரியும், வால்வின் பர்மிட் வேறு அறையில் இருந்தது. பம்பை ஓட்டினார்கள். தகடு வைத்து மூடிய வாய் வழியே கசிந்து வெடித்தது. 167 பேர் இறந்தார்கள். 1990-இல் வந்த கல்லன் பிரபுவின் விசாரணை அறிக்கை, நடந்தது பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும் என்றது.

இனி கப்பலுக்கு வருவோம். எஃப்பிஎஸ்ஓ எனப்படும் இவை கடலடிக் கிணறுகளிலிருந்து வரும் எண்ணெயைப் பிரித்து, வயிற்றில் சேமித்து, வேறு கப்பல்களுக்கு ஏற்றிவிடும். நின்ற இடத்திலேயே இருபது ஆண்டுக்கு மேலும் நிற்கும், துறைமுகத்துக்குப் போய் ரிப்பேர் பார்க்கும் வழக்கம் இல்லை. அதனால் எண்ணெய் ஓடிக்கொண்டிருக்கும்போதே பக்கத்தில் வெல்டிங்கும் நடக்கும், தொட்டிக்குள் ஆளும் இறங்குவார். பணி அட்டவணை, உதிரிபாகக் கணக்கு, ஆய்வுத் தேதி எல்லாம் மென்பொருளில்தான், அது எந்தத் தொழிற்சாலையிலும் இருப்பதுதான். என்னை அசரவைப்பது மின்னணு பர்மிட்டுக்குள் இருக்கும் ஒரு சின்னக் கணக்கு.

அதற்கு முதலில் ஒரு இரும்புப் பெட்டியைப் பார்க்க வேண்டும். ஒரு பம்பில் வேலை என்றால் அதன் முன்னும் பின்னும் உள்ள வால்வுகளை மூடிப் பூட்டுவார்கள், மின் இணைப்பையும் துண்டித்துப் பூட்டுவார்கள். அந்தச் சாவிகளெல்லாம் ஒரு பெட்டிக்குள் போகும். வேலைக்கு வரும் ஒவ்வொருவரும் பெட்டியின் மேல் தன் சொந்தப் பூட்டைப் போடுவார். ஐந்து பேர், ஐந்து பூட்டு. நான்கு பேர் முடித்துப் போனாலும் ஐந்தாமவர் பூட்டு தொங்கும்வரை பெட்டி திறக்காது. யாரும் யாரையும் தேடிப்போய்க் கேட்கவே வேண்டாம்!

மென்பொருள் இதையே எண்ணிக்கையாகச் செய்கிறது. ஒவ்வொரு வால்வுக்கும் பம்புக்கும் சுவிட்சுக்கும் ஒரு டேக் எண், அதாவது அடையாள எண், உண்டு. எந்த பர்மிட் எந்தப் பூட்டை நம்பி நிற்கிறது என்று அது இணைத்துவைக்கும். ஒரு வால்வை மூன்று பர்மிட்டுகள் நம்பியிருந்தால் அதன் கணக்கு மூன்று, ஒன்று முடிந்தால் இரண்டு. பூஜ்யம் ஆகும்வரை "திறக்கலாம்" என்ற ஒப்புதலையே அது தராது. பழுது பார்த்த பம்பைச் சோதிக்கக் கொஞ்ச நேரம் ஓட்டிப் பார்க்க வேண்டுமா? சரி, ஆனால் அந்தப் பூட்டைப் பகிரும் மற்ற பர்மிட்டுகள் எல்லாம் முதலில் நிறுத்திவைக்கப்பட வேண்டும், அதில் வேலை செய்தவர்கள் கையெழுத்திட்டு விலக வேண்டும். பைப்பர் ஆல்ஃபாவில் இரண்டு அறைகளில் கிடந்த இரண்டு தாள்கள், ஒரே டேக் எண்ணின் கீழ் ஒரே திரையில் வந்து நிற்கும். எந்த அறையில் வைத்தார்கள் என்பதே பொருட்டில்லாமல் போய்விடுகிறது. இதில் எந்தச் செயற்கை நுண்ணறிவும் இல்லை, பள்ளிக் கழித்தல்தான்!

அப்புறம் இன்னொன்று, ஒரு வேலை இன்னொரு வேலையோடு மோதுவது. மேல்தளத்தில் வெல்டிங் பர்மிட் கேட்டால், அந்த நேரம் பக்கத்தில் தொட்டியிலிருந்து வாயு வெளியேற்றும் வேலையோ, வாயு உணரியை அணைத்துவைக்கும் வேலையோ இருக்கிறதா என்று பார்த்து எச்சரிக்கும். செயற்கைக்கோள் இணைப்பு அறுந்தாலும் இது நிற்கக் கூடாது என்பதால் தரவை கப்பலிலேயே வைத்துக்கொண்டு, கரைக்குப் பிறகு அனுப்பும் ஏற்பாடும் உண்டு.

ஆனால் கணினிக்குத் தெரியாத இரும்பை அது எப்படி எண்ணும்? 2015 பிப்ரவரி 11 அன்று பிரேசிலில் சிடாடே டி சாவ் மாத்தேயுஸ் என்ற எஃப்பிஎஸ்ஓவின் பம்பு அறை வெடித்து 9 பேர் இறந்தார்கள். குழாயில் மாட்டியிருந்த ஓர் அடைப்புத் தகடு அங்கே வரக்கூடிய அழுத்தத்தைத் தாங்கத் தக்கதாக இல்லை, அந்த வழியாகத்தான் கசிவு. இப்படிப்பட்ட விபத்தை விதி என்றும் கெட்ட நேரம் என்றும் சொல்பவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வரும். தகட்டின் தடிமனுக்கும் ராசிக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. வண்ணத் திரைகளுக்கும் முன்கணிப்புக் கருவிகளுக்கும் தாராளமாகப் பணம் ஒதுக்குபவர்கள், வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு குழாய் குழாயாக நடந்து சரிபார்க்கும் வேலைக்கு அதில் ஒரு பங்கையாவது தர வேண்டும் என்பது என் கருத்து.

ஒழுங்காக நடத்தும் இடங்களில் தற்காலிகத் தகட்டுக்கும் ஒரு டேக் எண் கொடுத்துவிடுகிறார்கள். எவ்வளவு அழுத்தம் தாங்கும், யார் மாட்டினார், எந்தத் தேதிக்குள் கழற்ற வேண்டும் எல்லாம் பதிவாகும். அந்தத் தேதி தாண்டினால், ஒருவர் இறங்கிப்போய்ப் பார்த்துப் பதில் எழுதும்வரை ஒவ்வொரு ஷிஃப்டின் பட்டியலிலும் அந்த எண் சிவப்பில் நிற்கும்.