காந்த ஒத்ததிர்வு நிறமாலையியல்: சொல் விளக்கம்

ஆங்கிலத்தில் நியூக்ளியர் மேக்னடிக் ரெசொனன்ஸ் ஸ்பெக்ட்ரோஸ்கோபி. முழுத் தமிழ்ப் பெயர் அணுக்கருக் காந்த ஒத்ததிர்வு நிறமாலையியல். வலிய காந்தப்புலத்தில் வைக்கப்பட்ட அணுக்கரு, தனக்குரிய அதிர்வெண் கொண்ட ரேடியோ அலையை மட்டுமே ஏற்கும். 1 டெஸ்லா புலத்தில் ஹைட்ரஜன் கருவுக்கு அது ஏறத்தாழ 42.6 மெகாஹெர்ட்ஸ். சுற்றியுள்ள எலக்ட்ரான்கள் இதை இம்மியளவு மாற்றும். மூலக்கூறின் வடிவத்தை அந்த இம்மிதான் காட்டிக்கொடுக்கிறது. 1946இல் இயற்பியலாளர்கள் பிளாக்கும் பர்செலும் தனித்தனியே இதைக் கண்டறிந்து, 1952இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள்.

ரெசொனன்ஸுக்கு லத்தீன் வேர்ப்பொருள் 'மீண்டும் ஒலித்தல்'. ஒத்திசைவு, உடனிசைவு என்றும் எழுதுகிறார்கள். இங்கே இசை ஏதுமில்லை, இரண்டு அதிர்வெண்கள் ஒத்துப்போவதே செய்தி என்பதால் ஒத்ததிர்வு என்பதே என் தேர்வு. ஸ்பெக்ட்ரம் என்றால் லத்தீனில் 'தோற்றம்'; ஆவி உருவையும் குறிக்கும். முப்பட்டகத்தில் பிரிந்த ஒளிக்கு நியூட்டன் அதைச் சூட்டினார். நிறமாலை அந்த ஒளிக்குக் கச்சிதம். ரேடியோ அலைக்கு ஏது நிறம்? அலைமாலை என்பது பொருளுக்கு இன்னும் நெருக்கம். ஆனாலும் பாடநூலில் வேரூன்றிவிட்ட சொல்லோடு மல்லுக்கட்டுவது வீண்.

இந்த முறையின் அருமை எலாஸ்டினிடம் தெரியும். தமனி, நுரையீரல், தோல் ஆகியவை விரிந்து மீளக் காரணமான புரதம் அது. தமிழில் மீள்புரதம் எனலாம். குறுக்குப் பிணைப்புகளால் இறுகிய அது நீரில் கரையாது, படிகமாகாது. ஆகவே எக்ஸ் கதிர்ப் படிகவியலுக்கு அங்கே வேலையில்லை. கரைசலில் செய்யும் வழக்கமான ஒத்ததிர்வு ஆய்வும் பலிக்காது. திடநிலை ஆய்வுதான் வழி. மாதிரியைக் காந்தப்புலத்துக்கு 54.7 பாகை சாய்த்து அதிவேகமாகச் சுழற்றினால், நிறமாலையில் அகன்று கலங்கிய கோடுகள் (கரு ஏற்ற அதிர்வெண்ணைக் காட்டுபவை) கூர்மையாகும். அந்தக் கோணத்துக்கு 'மாயக் கோணம்' என்றே பெயர். அறிவியலாளர்களுக்கும் சற்றுக் குறும்பு உண்டு.

அலனின் என்ற அமினோ அமிலத்தின் மெத்தில் கார்பனை, அதாவது மூன்று ஹைட்ரஜன் ஏந்திய கார்பனை, எடுத்துக்கொள்வோம். புரதச் சங்கிலி சுருளாக இருந்தால் அந்தக் கார்பனின் கோடு 15–16 பிபிஎம் (அதிர்வெண் நகர்வைப் பத்து லட்சத்தில் எத்தனை பங்கு என்று சொல்லும் அளவு) அருகே விழும். பீட்டா எனப்படும் நீண்ட வடிவில் 20ஐ ஒட்டி நகரும். கோடு நின்ற இடத்தைக் கொண்டே அங்குள்ள மடிப்பை ஊகிக்கலாம். எலாஸ்டினில் ஒரே வடிவம் நிலைப்பதில்லை. சங்கிலிகள் ஓயாமல் உருமாறுகின்றன. இழுத்தால் அந்த ஒழுங்கின்மை குறையும். அதை மீட்கும் போக்கே மீள்விசையின் பெரும்பகுதி. இதற்கு நீர் வேண்டும். உலர்ந்த எலாஸ்டின் நொறுங்கும். நீர் ஊறியதும் சங்கிலிகள் அசையத் தொடங்கும், அந்த அசைவும் கோடுகளின் அகலத்தில் பதிவாகும்.