சுடுவதற்கு முன்பே கசியும் செய்தி: பள்ளித் துப்பாக்கிச் சூடுகளைத் தடுப்பது எப்படி?

1999 ஏப்ரலில் அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில், கொலம்பைன் உயர்நிலைப் பள்ளியில் 12 மாணவர்களும் ஓர் ஆசிரியரும் கொல்லப்பட்டார்கள். அதன் பிறகு, அந்நாட்டு அதிபரைப் பாதுகாக்கும் அமைப்பான சீக்ரெட் சர்வீஸும் கல்வித் துறையும் சேர்ந்து, 1974 முதல் 2000 வரை நடந்த 37 பள்ளித் தாக்குதல்களை அலசின. 2002-இல் வந்த அறிக்கை பல நம்பிக்கைகளைத் தகர்த்தது. திடீரென்று வெறி பிடித்துச் சுட்டவர்கள் மிகக் குறைவு. பத்தில் எட்டு தாக்குதல்களில், தாக்கப்போகும் விஷயம் குறைந்தது ஒருவருக்காவது முன்கூட்டியே தெரிந்திருந்தது. அவர் பெரும்பாலும் நண்பர், வகுப்புத் தோழர் அல்லது உடன்பிறந்தவர். ‘இப்படிப்பட்ட பையன்தான் சுடுவான்’ என்று அடையாளம் காட்டும் குணச்சித்திரம் மட்டும் கிடைக்கவே இல்லை.

ஆகவே ஆளைப் பார்த்துச் சந்தேகப்படுவதில் பயனில்லை. நடத்தையைத்தான் கவனிக்க வேண்டும். தெரிந்தவர் சொல்வதற்கு வழியும், சொன்னதைக் கேட்டுச் செயல்படுவதற்கு ஆளும் வேண்டும்.

சொல்வதற்கான வழியாகக் கொலராடோவில் ‘சேஃப்டூடெல்’ என்ற தகவல் சேவை இருக்கிறது. பெயர் சொல்லாமலே மாணவர்கள் தகவல் தரலாம். மாட்டிவிட்டவன் என்ற பெயர் வந்துவிடுமோ என்ற பயம்தான் பிள்ளைகளின் வாயை அடைக்கிறது. பெயர் வெளிவராது என்ற உறுதி அந்தப் பயத்தைக் குறைக்கிறது. ஆனால் வந்த தகவல் உரிய இடத்துக்குப் போய்ச் சேராவிட்டால் எல்லாம் வீண். 2018-இல் ஃபுளோரிடாவின் பார்க்லேண்டில் 17 பேர் இறப்பதற்கு ஐந்து வாரங்களுக்கு முன், சுட்டவனைப் பற்றித் தெளிவான எச்சரிக்கை மத்தியப் புலனாய்வு அமைப்பான எஃப்.பி.ஐ.க்கு வந்தது. அப்பகுதியைக் கவனிக்கும் அதன் மயாமி அலுவலகத்துக்கு அது அனுப்பப்படவே இல்லை.

செயல்படும் ஆள், பள்ளிக்குள் இயங்கும் ‘அச்சுறுத்தல் மதிப்பீட்டுக் குழு’. தலைமையாசிரியர் அல்லது துணைத் தலைமையாசிரியர், கவுன்சலர், உளவியலாளர், பள்ளிக்கான காவலர் ஆகியோர் இதில் இருப்பார்கள். வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் உளவியலாளர் டூவி கார்னல் வகுத்த முறை பரவலாகப் பயன்படுகிறது. 2013-இல் வர்ஜீனியா தன் அரசுப் பள்ளிகள் அனைத்துக்கும் இத்தகைய குழுவைக் கட்டாயமாக்கியது.

குழு முதலில் மாணவன் சொன்ன வார்த்தைகளை அப்படியே எழுதிக்கொள்ளும். பிறகு அவனிடமே கேட்கும்: என்ன நடந்தது? நீ என்ன சொன்னாய்? என்ன அர்த்தத்தில் சொன்னாய்? கேட்டவருக்கு எப்படி இருந்திருக்கும்? கேட்டவர்களையும் விசாரிக்கும். ‘உன்னைக் கொன்னுடுவேன்’ என்பது பெரும்பாலும் கோபத்தில் வந்த சொல்தான்; விளக்கமும் மன்னிப்புமாக அன்றே முடிந்துவிடும். திட்டம், ஆயுதம், கூட்டாளி தேடல், குறிப்பிட்ட இலக்கு ஆகியவற்றில் ஏதேனும் தென்பட்டால் கதை வேறு. இலக்கானவருக்கும் அவர் பெற்றோருக்கும் சொல்ல வேண்டும், மனநல மதிப்பீடு செய்ய வேண்டும், காவல்துறை விசாரிக்க வேண்டும், பாதுகாப்புத் திட்டம் எழுதி அதைத் தொடர்ந்து கண்காணிக்க வேண்டும்.

வர்ஜீனியாவில் 40 பள்ளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்துச் செய்த சோதனையில், இந்த முறை வந்த பள்ளிகளில் மிரட்டிய மாணவர்களுக்குக் கவுன்சலிங் அதிகம் கிடைத்தது, நீண்ட கால இடைநீக்கம் வெகுவாகக் குறைந்தது. துப்பாக்கிச் சூடு அரிதான நிகழ்வு என்பதால், அதையே குறைத்தது என்று புள்ளிவிவரத்தால் நிறுவ முடியாது. ஆனால் மிரட்டினாலே வெளியேற்று என்ற கறார் விதியைவிட இது மேல் என்பதில் எங்களுக்கு ஐயமில்லை. வெளியேற்றப்பட்ட பையனின் மனக்குறை அப்படியே இருக்கும், அவனைக் கவனிக்கும் கண்கள்தான் இல்லாமல் போகும்.

முறை எங்கே உடையும் என்பதற்கு மிச்சிகனின் ஆக்ஸ்ஃபோர்டு பள்ளி கண்ணெதிரே நிற்கிறது. 2021 நவம்பர் 30 காலை, ஒரு மாணவன் கணக்குத் தாளில் துப்பாக்கியையும் ரத்தம் வழியும் உருவத்தையும் வரைந்து, உதவி கேட்டும் எழுதியிருந்ததை ஆசிரியை பார்த்தார். முந்தின நாள்தான் அவன் வகுப்பில் போனில் தோட்டா தேடியது தெரியவந்திருந்தது. பெற்றோர் வரவழைக்கப்பட்டார்கள். முறையான மதிப்பீடு நடக்கவில்லை, பையைத் திறந்து பார்க்கவில்லை, பெற்றோர் அவனை வீட்டுக்கும் அழைத்துப் போகவில்லை. துப்பாக்கி அந்தப் பைக்குள்தான் இருந்தது. அன்று மதியம் அவன் சுட்டதில் நான்கு மாணவர்கள் இறந்தார்கள். துப்பாக்கியை நான்கு நாள் முன்பு வாங்கியவர் அவன் தந்தை. 2024-இல் தாய், தந்தை இருவருக்கும் தலா 10 முதல் 15 ஆண்டு சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது.

ஆயுதக் காவலரை நிறுத்தினால் போதாதா? இத்தகைய தாக்குதல்கள் பெரும்பாலும் ஓரிரு நிமிடங்களில் முடிந்துவிடுகின்றன. 1980 முதல் 2019 வரையிலான 133 நிகழ்வுகளை ஆராய்ந்து 2021-இல் வெளியான ஆய்வில், ஆயுதக் காவலர் இருந்த பள்ளிகளில் உயிரிழப்பு குறைந்ததற்கான அறிகுறி தென்படவில்லை. சுடுபவர்களில் பலர் தாமும் சாகத் துணிந்தவர்கள். காவலரின் துப்பாக்கி அவர்களைத் தடுப்பதில்லை.

தடுக்கக்கூடியது வீட்டுப் பூட்டு. 2008 முதல் 2017 வரையிலான தாக்குதல்களைப் பற்றிய சீக்ரெட் சர்வீஸ் ஆய்வில், துப்பாக்கி ஏந்தியவர்களில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர் அல்லது நெருங்கிய உறவினர் வீட்டிலிருந்தே அதை எடுத்திருந்தார்கள். செய்ய வேண்டியவை நான்கு: தோட்டா நீக்கிய நிலையில் துப்பாக்கி, அதற்குப் பூட்டு, தோட்டாவுக்கும் பூட்டு, இரண்டும் வெவ்வேறு இடத்தில். இவை ஒவ்வொன்றும் வளரிளம் பருவத் தற்கொலைகளும் விபத்துகளும் குறைவாக இருப்பதோடு தொடர்புடையவை என்று 2005-இலேயே ஓர் ஆய்வு காட்டியது. சாவி இருக்கும் இடமோ பெட்டியின் எண்ணோ பிள்ளைக்குத் தெரிந்திருந்தால் நான்கும் இல்லாததற்குச் சமம்.