ஊட்டியில் உறையும் எண்ணெயும் தோலுக்குள் போகும் வைட்டமினும்

மார்கழி, தை மாதங்களில் ஊட்டி, குன்னூர்ப் பக்கம் தேங்காயெண்ணெய் பாட்டிலை வெந்நீரில் வைத்தால்தான் எண்ணெய் வெளியே வரும்; அதே அலமாரியில் இருக்கும் கடலை எண்ணெய் உறையாமல் இருக்கும். இதற்கு என்ன காரணமோ, அதேதான் க்ரீமில் இருக்கும் வைட்டமின் தோலுக்குள் போவதற்கும் வழிவிடுகிறது.

தோலின் மேலடுக்கு செத்த செல்களால் ஆனது. உள்ளங்கை, பாதம் தவிர மற்ற இடங்களில் அதன் தடிமன் மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்குதான் இருக்கும். ஆனாலும் அந்தச் செல்களுக்கு நடுவே செராமைடு என்ற கொழுப்பு, கொலஸ்ட்ரால், கொழுப்பு அமிலம் மூன்றும் அவ்வளவு நெருக்கமாக அடுக்கியிருப்பதால், நீரில் கரையும் வைட்டமின் சி மிகச் சிறிய மூலக்கூறாக இருந்தும் (176 டால்டன்; டால்டன் என்பது மூலக்கூறின் எடையைச் சொல்லும் அலகு) எளிதில் நுழைய முடியாது. 500 டால்டனுக்கு மேல் போனால் இன்னும் கஷ்டம். 1355 டால்டன் உள்ள பி12 பூசி உள்ளே போகும் என்று யாராவது விற்றால் வாங்காதீர்கள்.

சரி, கொழுப்பு அமிலம் இதில் என்ன செய்கிறது? ஸ்டியரிக், ஒலியிக் இரண்டிலுமே 18 கார்பன்தான். ஸ்டியரிக் நேராக நீண்டிருப்பதால் ஒன்றோடொன்று ஒட்டிப் படுத்து, உருகுவதற்கே 69 டிகிரி கேட்கும். ஒலியிக் நடுவில் ஓர் இரட்டைப் பிணைப்பால் வளைந்திருக்கிறது, நெருங்கிப் படுக்க முடியாது, 13 டிகிரியிலேயே உருகிவிடும். தேங்காயெண்ணெயில் நேரான அமிலங்கள் அதிகம், அதனால் உறைகிறது; கடலை எண்ணெயில் வளைந்தவை அதிகம், அதனால் உறைவதில்லை. இந்த வளைந்த அமிலம் தோலின் கொழுப்பு அடுக்குக்குள் புகுந்தால் அங்கேயும் அடுக்கு தளர்ந்து இடைவெளி விழுகிறது, வைட்டமின் அந்த வழியாக இறங்குகிறது. சமையல் எண்ணெயில் இந்த அமிலங்கள் மூன்று மூன்றாகக் கிளிசராலோடு கட்டுண்டு கிடப்பதால், தனி ஒலியிக் அமிலம் சேர்த்த க்ரீம் அளவுக்கு அது வேலை செய்யாது.

ஆனால் உள்ளே விடும் வழி வெளியேயும் விடும், தோலின் ஈரம் அப்படியே போய்விடும். 2013இல் வெளிவந்த ஓர் ஆய்வில், ஒலியிக் மிகுந்த ஆலிவ் எண்ணெயைத் தொடர்ந்து பூசிய பெரியவர்களின் தோல் தடுப்பு பலவீனமானது. லினோலியிக் என்ற வேறொரு கொழுப்பு அமிலம் மிகுந்த சூரியகாந்தி எண்ணெயில் அப்படி ஆகவில்லை. பனிக்காலத்தில் கன்னமும் கையும் வெடித்திருக்கும் மலைக்காரர்களுக்கு, அதுவும் குழந்தைகளுக்கு, நான் சூரியகாந்தியைத்தான் சொல்வேன். வெடித்த தோலில் வழி ஏற்கெனவே திறந்துதான் இருக்கிறது.

அப்புறம் இன்னொன்று, நீலகிரித் தைலத்தில் இருக்கும் சினியோலும் தோலை இப்படித் தளர்த்தக்கூடியதுதான். தைலம் தேய்த்த இடத்திலேயே உடனே ரெட்டினால் (வைட்டமின் ஏ) க்ரீமோ வலிக்களிம்போ போடாதீர்கள், வேண்டிய அளவுக்கு மேல் உள்ளே போய் எரிச்சல் கொடுக்கலாம்.